தாத்தாவின் நம்பர்

“அண்ணாச்சி, எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தவரு. பேரு தெரியும், ஊரு தெரியும். டெல்லிக்கு ஒரு லெட்டர் போட்டா விவரம் வந்துராதா?”

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பட்டாளத்துப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். கேட்பவர் விவரமானவராகத்தான் இருப்பார். ஆனால் தாத்தாவைப் பற்றி அவர் கையில் இருப்பது கொஞ்சம்தான். ‘பஸ்ராவுக்குப் போனாராம்’ என்று பாட்டி சொன்ன ஒரு வரி, மங்கிப்போன ஒரு போட்டோ, தெருவில் இன்னும் வழங்குகிற ‘பட்டாளத்தார் வீடு’ என்ற பேர். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். அவசரமில்லாமல் ஒவ்வொரு படியாக ஏறிப் பார்ப்போம்.

முதலில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும் ஒரு நினைப்பை எடுத்துக்கொள்வோம். பட்டாளம் என்றால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற இடம். டெல்லியிலோ லண்டனிலோ ஒரு பெரிய அலமாரி இருக்கும். பேரைச் சொன்னால் அதிலிருந்து தாத்தாவின் ஃபைலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அநேகமாக எல்லோரும் நினைப்பது இதைத்தான். எழுதி வைப்பது என்னவோ உண்மை. ஆனால் ஒரே அலமாரி என்பதும் தவறு, பேரைச் சொன்னால் போதும் என்பதும் தவறு. பட்டாளம் நம் தாத்தாவைப் பேரால் அறியவில்லை. நம்பரால் அறிந்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ‘பால்கோவா கடை எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் கை காட்டினாலும் அது சரியான பதில்தான். எந்தத் தெரு, எத்தனையாவது கடை என்று கேட்டால்தான் நமக்கு வேண்டிய கடைக்குப் போய்ச் சேர முடியும். மதராஸ் படைகளில் ராமசாமி என்ற பேரும் அப்படித்தான். குப்புசாமி, முனுசாமி, மாடசாமி, எல்லாமே அப்படித்தான். தெரு என்பது அவர் இருந்த படைப்பிரிவு. கதவிலக்கம் என்பது அவருடைய நம்பர். இரண்டும் சேர்ந்தால்தான் விலாசம்.

நம்பர் மட்டும் இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தன் ஆட்களுக்குத் தானே நம்பர் போட்டுக்கொண்டது. ஆகவே 2143 என்ற நம்பர் இந்த ரெஜிமென்ட்டிலும் இருக்கும், அடுத்த ரெஜிமென்ட்டிலும் இருக்கும். பள்ளிக்கூடத்து அட்மிஷன் நம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லாமல் அந்த நம்பருக்கு அர்த்தம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி நம்பர் வரிசையை ஒதுக்கிவிட்டார்கள். அதனால் 1965, 1971 போர்களுக்குப் போனவர்களின் நம்பரைப் பார்த்தே, விஷயம் தெரிந்தவர் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடுவார்.

பேருக்கு வருவோம். பேர் உதவாது என்பதில்லை. நாம் சொல்லும் பேரும் அங்கே எழுதிய பேரும் ஒன்றாக இருக்காது, அதுதான் சிக்கல். பட்டாளத்தில் சேரும் அன்று ஒரு குமாஸ்தா எதிரே உட்கார்ந்து, காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். நம் ‘ழ’ அவர் கையில் ல ஆகும், ர ஆகும். சின்னப்பன் ஒரு ஏட்டில் ஆங்கில ‘S’ஸில் தொடங்குவார், இன்னொன்றில் ‘Ch’ போட்டுத் தொடங்குவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெங்கமன்னார் குடியிருப்பதால் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு ரெங்கசாமி, ஒரு ரெங்கநாயகி இருப்பார்கள். நாம் ‘ரெ’ என்கிறோம். வடக்கே இருந்து வந்த குமாஸ்தா ‘ர’ என்று எழுதியிருப்பார். தேடும்போது இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ராஜபாளையத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. இங்கே ராஜுக்கள் வீட்டில் இனிஷியலின் முதல் எழுத்து பெரும்பாலும் வீட்டுப் பேர், இரண்டாவது எழுத்துதான் அப்பா பேர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பி’ பூசபாடி, ‘எஸ்’ சஞ்சீவி. பட்டாளத்து ஏட்டில் ‘இன்னார் மகன்’ என்ற கட்டத்தில் வருவது அப்பா பேர் மட்டுமே. வீட்டுப் பேர் விடுபட்டுப் போயிருக்கலாம், அல்லது அதையே ஆள் பேர் என்று எழுதியிருக்கலாம். எனவே தாத்தாவின் அப்பா பேரை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தாத்தா பேரைவிட அது பல நேரங்களில் கூடுதலாக உதவும்.

அடுத்தது ஊர். ‘விருதுநகர் மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று எழுதித் தேடினால் பழைய ஏடுகளில் எதுவும் அகப்படாது. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதோடு சேர்ந்தது. 1985-இல் ராமநாதபுரத்தை மூன்றாகப் பிரித்தபோது காமராஜர் மாவட்டம் ஆயிற்று. 1997-இல்தான் விருதுநகர் மாவட்டம் என்ற பேர் வந்தது. ராஜபாளையமும் நெடுங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவுக்குள்தான் இருந்தது. ஆகவே 1908-இல் பட்டாளத்தில் சேர்ந்த ராஜபாளையத்துக்காரர் ‘டின்னவேலி’ ஆள். 1915-இல் சேர்ந்த அவர் தம்பி ‘ராம்நாட்’ ஆள். இரண்டு பேரும் பிறந்தது ஒரே வீட்டில்.

இப்போது புரிந்திருக்கும். டெல்லிக்கு லெட்டர் போடுவது கடைசிப் படி. முதல் படி வீட்டுப் பரண்.

பரணில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்தால், திறப்பதற்கு முன்னால் மூடியைத் துடைத்துப் பாருங்கள். பட்டாளத்துக்காரர்கள் ரயிலில் பெட்டி மாறிப்போகாமல் இருக்க மூடியில் வெள்ளை பெயிண்டால் நம்பர், பதவி, பேர், பிரிவு எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். உள்ளே துணிமணியைக் கிளறி ஏமாந்தவர்கள் பலர், தேடிய விவரத்தை மூடிமேல் வைத்துக்கொண்டே ஏமாந்திருக்கிறார்கள். ஈரத் துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அழிந்த எழுத்தின் தடம் தெரியும். அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மெடல் இருந்தால் இன்னும் நல்லது. எல்லோரும் மெடலின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ராஜா தலை இருக்கிறது என்பார்கள், வெள்ளியா என்று உரசிப் பார்ப்பார்கள். நாம் பார்க்க வேண்டியது அதன் விளிம்பு. ரூபாய் நாணயத்துக்கு வரி வரியாகச் செதுக்கியிருக்குமே, அந்த இடம். முதல் உலகப் போர் மெடல்களின் விளிம்பில் நம்பரும் பதவியும் பேரும் பிரிவும் சுற்றிப் பொறித்திருக்கும். நகைக்கடைக்காரரிடம் இருக்கும் சின்ன பூதக்கண்ணாடி போதும், படித்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றிலும் பெரும்பாலும் பேர் இருக்கும்.

மெடலின் உலோகமும் பேசும். 1914-18 போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்களுக்கு வெள்ளியில் கொடுத்தது. அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், அவர் துப்பாக்கி தூக்கியவராக இல்லாமல் கூலிப்படையில், அதாவது லேபர் கோரில், ரோடு போடவும் மூட்டை இறக்கவும் போனவராக இருக்கக்கூடும். இரண்டாம் போரில் கொடுத்த நட்சத்திரங்களில் இடத்தின் பேரே இருக்கிறது. பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி, பசிபிக் என்று. மலேயாவில், சிங்கப்பூரில் ஜப்பான்காரனோடு மோதியவர்களுக்குப் பசிபிக் நட்சத்திரம். 1971 போருக்கு வந்தால் ‘பூர்வி ஸ்டார்’ கிழக்கே வங்கத்துப் பக்கம், ‘பஸ்சிமி ஸ்டார்’ மேற்கே பாகிஸ்தான் பக்கம்.

சில வீடுகளில் மெடலுக்குப் பதில் கையகலத்தில், கனமான ஒரு வெண்கலத் தட்டு இருக்கும். ஒரு பெண் உருவம், பக்கத்தில் சிங்கம், கட்டத்துக்குள் ஒரு பேர். சாமி தட்டு என்று நினைத்துப் பூஜை மாடத்தில் வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அது முதல் போரில் இறந்துபோனவரின் குடும்பத்துக்குக் கொடுத்தது. செத்தவர்களில் பெரியவன் சின்னவன் இல்லை என்பதற்காக அதில் பதவியும் நம்பரும் போடாமல் பேரை மட்டும் பொறித்தார்கள். நல்ல எண்ணம்தான். தேடுகிற பேரனுக்கு மட்டும் அதனால் கஷ்டம்.

அடுத்து காகிதங்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் உத்தரவு, ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்று விலாசம் போட்ட பழைய இன்லண்ட் லெட்டர், எதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஏ.பி.ஓ. என்பது பட்டாளத்து போஸ்ட் ஆபீஸ். அவர் எந்த மலையில் நின்றார் என்பதை மறைக்கத்தான் அந்த எண். ஆனால் அதற்கு முந்தின வரியில் அவர் நம்பரும் யூனிட்டும் பளிச்சென்று இருக்கும்.

காகிதம் இல்லாத வீட்டில் கதை இருக்கும். கதையைத் தள்ளிவிடாதீர்கள். ‘தாத்தா ஆப்பிரிக்காவுல சண்டைக்குப் போனாரு, அங்க தேனீ கொட்டி ஓடி வந்தாங்களாம்’ என்று ஒரு பாட்டி சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவில் இருக்கும் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து ஒரு படை போய் இறங்கியது. எதிரே ஜெர்மானியர்கள். சண்டை நடுவில் மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்து இரு தரப்பையும் கொட்டித் தீர்த்தன. வரலாற்றிலேயே அதற்குத் தேனீச் சண்டை என்று பேர் நின்றுவிட்டது. போன காரியம் கைகூடாமல் மூன்று நாளில் கப்பலேறிவிட்டார்கள். அந்தப் படையில் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற மதராஸ் பட்டாலியன் இருந்தது. ஆக, பாட்டி சொன்ன தேனீ ஒரு படைப்பிரிவின் விலாசமாகவே இருக்கலாம்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. பாளையங்கோட்டை என்ற பேரைப் பார்த்து, அதில் இருந்தவர்கள் எல்லாம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ரெஜிமென்ட்டின் பேரில் வரும் ஊர் பழைய பெருமையைச் சொல்லும் பட்டம் போன்றது. தஞ்சாவூர் ஓட்டல் என்று போர்டு இருந்தால் சமையல்காரர் தஞ்சாவூர்க்காரர் என்று அர்த்தமா? அதே மாதிரி, நம்மூர்க்காரர் வேறு எந்த மதராஸ் பிரிவிலும் இருந்திருக்கலாம்.

மதராஸ் பிரிவுகளின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். காலாட்படை 1758 முதல் கணக்கு வைத்துக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், வடக்கத்திக்காரர்கள்தான் வீரப் பரம்பரை என்ற ஒரு கொள்கை வெள்ளைக்காரத் தளபதிகளின் தலையில் ஏறியது. மதராஸ் பட்டாலியன்களைக் குறைத்துக்கொண்டே வந்து, முதல் போருக்குப் பிறகு சிக்கனம் என்ற பேரில் 1920-களில் காலாட்படையையே கலைத்தார்கள். ரோடும் பாலமும் போட்டுக்கொண்டே சண்டையும் போட்ட மதராஸ் பயனியர்கள் 1933-இல் கலைந்தார்கள். இரண்டாம் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர் பெற்றது. இதற்கெல்லாம் நடுவில் கலையாமல் நின்றது 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, கண்ணி வெடி எடுப்பது, கிணறு தோண்டுவது எல்லாம் அவர்கள் வேலை. பட்டாளத்தில் அவர்களுக்குச் செல்லப் பேர் ‘தம்பி’. தாத்தா பெங்களூரில் டிரெய்னிங் எடுத்தார் என்ற பேச்சு வீட்டில் இருந்தால், முதலில் இந்தப் பக்கம் பாருங்கள்.

இப்போது அலமாரிக்கு வருவோம். ஒரே அலமாரி இல்லை என்றேன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் தனியாக உண்டு. மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஊட்டி மலையில் வெலிங்டன். சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக். சிக்னல் பிரிவுக்கு ஜபல்பூர். வண்டி பழுது பார்க்கும் இ.எம்.இ.க்குச் செகந்திராபாத். மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. ‘மிலிட்டரியில இருந்தார்’ என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் இவற்றில் எந்த வாசலில் போய் நிற்கும்? லண்டனுக்கு எழுதினாலும் இதே கதைதான். அங்கே இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தனித்தனி ஆளாகக் கிடைப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள். சிப்பாயின் தாள் சிப்பாயின் ரெஜிமென்ட்டோடு இங்கேதான் இருந்தது.

ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் இரண்டு வகை ஏடுகள். ஒன்று ஷீட் ரோல். அரசு ஊழியர்களுக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர் இருக்கிறதே, அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த தேதி, ஊர், தாலுகா, அப்பா பேர், மனைவி பேர், உயரம், எங்கெங்கே போனார், என்ன தண்டனை, என்ன பரிசு, எல்லாம் அதில் இருக்கும். அங்க அடையாளமும் இருக்கும். நம் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ‘இடது கன்னத்தில் ஒரு மச்சம்’ என்று எழுதியது போல. போட்டோகூட இல்லாத ஒரு தாத்தாவுக்கு மச்சம் எங்கே இருந்தது என்று பேரன் தெரிந்துகொள்ள முடிகிற இடம் அது ஒன்றுதான். இன்னொன்று லாங் ரோல். பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்டர் மாதிரி, ஆளுக்கு ஒரு வரி. நம்பர், பேர், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் ஷீட் ரோலை 25 ஆண்டு வைத்திருந்து பிறகு அழித்துவிட விதி இருக்கிறது. போருக்கென்று சேர்த்துக்கொண்டு, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் இந்த வகை. லாங் ரோல் நிரந்தரம். எனவே ‘ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தால் மனம் தளர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். ‘லாங் ரோலில் உள்ள வரியைத் தாருங்கள்’ என்று இரண்டாவது கடிதம் போடுங்கள். ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியில் அவர் சேர்ந்த நாளும் விலகிய நாளும் கிடைத்துவிடும்.

கடிதம் எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நம்பர், பதவி, பட்டாளத்தில் வழங்கிய பேர், பிரிவு, அப்பா பேர், கிராமம், பழைய தாலுகா, பழைய மாவட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டுகள், நீங்கள் அவருக்கு என்ன உறவு. இவ்வளவும் ஒரே பக்கத்தில். மெடல் விளிம்பின் போட்டோ, உறவைக் காட்டும் சான்று, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய்க் கட்டணம். விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பென்ஷன் வாங்கியவராக இருந்தாலோ, விதவை உதவித்தொகை வாங்கிய பாட்டியாக இருந்தாலோ, அங்கே ஒரு தடம் இருக்க வாய்ப்பு உண்டு.

போனவர் திரும்பி வராமல் போயிருந்தால் வழி வேறு. சோகமான விஷயம்தான், ஆனால் தேடுவது எளிது. 1917-இல் தொடங்கிய ஓர் ஆணையம், இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பேர், இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் விவரத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் போரில் இந்தியப் படையினர் சுமார் 74,000 பேரும், இரண்டாம் போரில் சுமார் 87,000 பேரும் உயிர் விட்டார்கள். அவர்கள் இதில் வருவார்கள். திரும்பி வந்தவர்கள் இதில் வர மாட்டார்கள். ‘தாத்தா பேர் இல்லையே’ என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, அவர் திரும்பி வந்ததனால்தானே நீங்கள் இங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள்?

அந்தப் பட்டியலில் தேட ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பேர்க் கட்டத்தை விட்டுவிட்டு, ‘கூடுதல் தகவல்’ என்ற கட்டத்தில் ஊர்ப் பேரைப் போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை வெள்ளைக்காரர்கள் எழுதிய எழுத்துக்கூட்டல்கள் மூன்று நான்கு இருக்கும். ஒவ்வொன்றாகப் போடுங்கள். அப்புறம் ராம்நாட். அப்புறம் டின்னவேலி. இரண்டாம் போரில் இறந்தவர்களுக்கு ‘இன்னார், இன்னாள் மகன், இன்னாள் கணவன், இன்ன ஊர்’ என்று ஒரு வரி இருக்கும். நம் குடும்பப் பத்திரங்களில் பெண் பேர் வருவது அபூர்வம். பாகப் பத்திரத்தில் இல்லாத கொள்ளுப்பாட்டியின் பேர், ஒரு போர்க் கல்லறைப் பட்டியலில் இருக்கும்.

உடல் கிடைக்காதவர்களின் பேர்களை நினைவுச் சுவர்களில் எழுதினார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பேர்கள், ரங்கூன் அருகே டவுக்யானில் கிட்டத்தட்ட 27,000 பேர்கள். பிரான்சில் நவ் ஷாப்பெலில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்கள். ஆனால் பாட்டி சொன்ன பஸ்ராவில் மட்டும் கதை வேறு. 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் திறந்த அந்த நினைவிடத்தில் அதிகாரிகளின் பேர்களைப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, இந்த ரெஜிமென்ட்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் போட்டு முடித்தார்கள். இறந்தவர்களை இப்படிச் சமமாக நடத்தாமல் விட்டோம் என்று 2021-இல் ஆணையமே ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை அப்படி விடப்பட்டவர்கள் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. சுவரில் பேர் இல்லாவிட்டாலும் ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மலேயா போனவர்களுக்கு ஒரு கிளைப் பாதை உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத்து வேலைக்குப் போயிருந்த தமிழர்கள் பலர் 1943-இல் நேதாஜி வந்த பிறகு சேர்ந்தார்கள். முன்னவருக்குப் பழைய ரெஜிமென்ட்டில் நம்பர் இருந்திருக்கும். பின்னவருக்குப் பிரிட்டிஷ் பட்டாளத்தில் நம்பரே கிடையாது. அவரைத் தியாகிகள் பென்ஷன் காகிதங்களிலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். ‘நேதாஜி படையில இருந்தார்’ என்றால், அதற்கு முன்னால் என்னவாக இருந்தார் என்ற கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

நம்பரும் பிரிவும் கிடைத்துவிட்டால் கதவு ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒவ்வொரு பட்டாலியனும் போரில் தினமும் ஒரு நோட்டு எழுதியது. வார் டைரி என்று பேர். பலசரக்குக் கடை அண்ணாச்சி ராத்திரி கடை சாத்தும்போது அன்றைய கணக்கை எழுதுவாரே, அது போல. ‘மழை. ஆற்றைக் கடந்தோம். இரண்டு பேர் காயம்.’ தாத்தா பேர் அதில் வராது. ஆனால் அவர் அன்று எந்த ஆற்றங்கரையில் நனைந்துகொண்டிருந்தார் என்பது வந்துவிடும். முதல் போர் டைரிகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

குடும்பத்தைத் தேட உள்ளூரே போதும். முன்னாள் ராணுவத்தாருக்கு அரசு நிலம் ஒப்படை செய்திருந்தால், கிராமத்து அ-பதிவேட்டில் தடம் இருக்கும். கர்ணம் வீட்டுக் கணக்குகள் 1980-இல் கிராம நிர்வாக அலுவலர் கைக்கு மாறின. அதற்கு முந்தியதைத் தாலுகா ஆபீஸில் கேட்க வேண்டும். சார்பதிவாளர் ஆபீஸில் பழைய பத்திரங்களைப் பாருங்கள். ‘மிலிட்டரி’ என்ற அடைமொழியோடு தாத்தா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு. பழைய சாவடி, பள்ளிக்கூடச் சுவர்களையும் பார்த்துவிடுங்கள். ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய கல், நாட்டின் பல ஊர்களில் சுண்ணாம்புக்கு அடியில் கிடக்கிறது.

டீ ஆறிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். பட்டாளம் நம்பரை வைத்துக்கொண்டது, வீடு பேரை வைத்துக்கொண்டது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஆள் அகப்படமாட்டார். பட்டாளத்தின் பாதி எங்கேயும் போய்விடாது, வெலிங்டனிலோ பெங்களூரிலோ ஒரு வரியாக இருக்கும். நம் பாதிதான் வருஷா வருஷம் குறைகிறது. கதை தெரிந்த பாட்டிக்கு வயதாகிறது, வெள்ளி மெடல் கொலுசாகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் ஏறிப் பெட்டி மூடியில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவர், மிச்சம் இருந்தால் அந்தப் பெட்டிக்கும் ஒரு கை அடித்துவிட்டுப் போய்விடுவார்.